பச்சை விழுந்த செய்தி

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. சில இடங்களில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர் என்பதால் அந்தோணியார்துறை மீனவ ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். சீடர் திருமேனி, சென்னையில் பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருந்தவர். அதை உதறிவிட்டு, ஐஸ் கம்பெனி மாடியில் டீச்சர் வைத்திருந்த அறைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷர். கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான்.

அந்த அறையில் வளர்ந்தது 'தூது' என்கிற வலை. அதற்கு டவர் வேண்டாம், நடுவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் கம்பெனியும் வேண்டாம். ஒரு போனிலிருந்து கிளம்பும் செய்தியைப் பக்கத்துப் போன் வாங்கி வைத்துக்கொள்ளும். இன்னொரு போன் அருகில் வந்தால் அதனிடம் கொடுக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, கரையிலிருந்து படகுக்கும் படகிலிருந்து படகுக்கும் தாவி, உரியவரிடம் போய்ச் சேரும். சேர்ந்துவிட்டால் 'சேர்ந்தது' என்று பதில் அதே மாதிரி திரும்பி வரும். அது வருகிற வரைக்கும் வலை சொல்வது ஒரே வார்த்தை: 'தெரியவில்லை'.

இந்த வார்த்தைதான் திருமேனிக்கு ஆகவே ஆகாது.

வலையை வைத்து ஆப் எழுத வந்த பிள்ளைகளுக்கும் ஆகவில்லை. மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒன்று, உப்பளத்துக்கு ஒன்று என்று ஆசையாக வந்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே ஓடினார்கள். "ஒரு செய்தி அனுப்ப நாற்பது வரி புரோகிராம் எழுத வேண்டியிருக்கு. அத்தனையும் எழுதினா கடைசியில தெரியலைங்குது" என்று திட்டிவிட்டுப் போனார்கள். நாற்பது வரியைப் பற்றி அவர்கள் சொன்னது நியாயமும்கூட.

திருமேனி ராப்பகலாக உட்கார்ந்து அந்த நாற்பது வரியை ஒரே வரியாக்கினார். கெட்டிக்கார வேலை, அதில் சந்தேகமில்லை. கையோடு 'தெரியவில்லை'யையும் தூக்கிவிட்டார். பக்கத்துப் போன் செய்தியை வாங்கியதுமே 'சரி' என்று வலை சொல்லும்படி மாற்றினார்.

"வேலை ரொம்ப நல்லாருக்குண்ணே. அந்த வார்த்தையை மட்டும் எடுக்காதீங்க" என்றார் டீச்சர்.

"தெரியலைன்னு ஒரு பதிலா டீச்சர்? எழுதுறவன் மிரண்டு போறான்."

"சரின்னா எதுக்குச் சரி?"

"பக்கத்துப் போன் வாங்கிருச்சுன்னு அர்த்தம். குறிப்புல தெளிவா எழுதியிருக்கேன்."

"குறிப்பை யாருண்ணே படிக்கா?"

தூதுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. எழுதுகிறவர்கள் கூடிப் பேசி, அதிகம் பேர் சொல்வதே முடிவு. டீச்சர் தனி ஆளாகிப் போனார். அந்த வார்த்தை வலையை விட்டுப் போயிற்று.

அதன்பிறகு திருமேனி காட்டில் மழை. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் சேர்ந்தார்கள். 'இப்பத்தான் மனுஷன் எழுதுற மாதிரி இருக்கு' என்று எங்கிருந்தெல்லாமோ வாழ்த்து வந்தது. எது வந்தும் டீச்சர் வாய் திறக்கவில்லை. அதுதான் திருமேனிக்கு உறுத்தல்.

ஒரு மத்தியானம் கேட்டே விட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க டீச்சர். நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. நான் செஞ்சதுல அப்படி என்ன தப்பு?"

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க. பிரகாசியம்மா வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

போகிற வழியில் டீச்சர் விவரம் சொன்னார். பிரகாசியம்மாளின் மகன் இன்னாசி கடலுக்குப் போன அன்றே காற்று மாறிவிட்டது. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. கூடப் போன இரண்டு பேரைக் கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. இன்னாசியை மட்டும் தரவில்லை. ஊர் அழுது முடித்த பிறகும் தாய்க்காரி அழ மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பிறகு எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டு மகனுக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கச் சம்மதித்தாள். நாள் குறித்து, கோயில் உபதேசியாரிடம் சொல்லியும் ஆயிற்று. இப்போது திடீரென்று பூசை கிடையாது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"ஏன்?"

"போன்ல ஏதோ வந்திருக்காம், என்னைய வரச் சொல்லி ஆள்விட்டாங்க. நானும் தெனம் அவங்க தெரு வரைக்கும் போயிட்டு, உள்ள போக மனசு வராம திரும்பி வாரேன்." டீச்சர் திருமேனியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க இருக்கீங்க."

வீட்டு வாசலிலேயே மீன் குழம்பு வாசனை அடித்தது. பிரகாசியம்மாள் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். மருமகள் மெட்டில்டா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கண்ணைப் பார்த்தால் தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி இருந்தது.

"வா டீச்சர். இது ஆரு?"

"உங்க போன்ல ஓடுதுல்லா, தூது. அதை இப்ப மாத்தி எழுதினது இவருதான்."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதானா? நல்லாருப்பீங்கய்யா. உக்காருங்க."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை எடுத்துத் திருமேனியிடம் நீட்டினாள். திரையில் ஒரு செய்தி. 'காத்து சரியில்ல. திரும்பி வந்துருய்யா.' பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

"அவன் போன அன்னைக்கு நான் அனுப்புனது. இத்தனை நாளும் தெரியவில்லை, தெரியவில்லைன்னே நின்னுச்சு. செவ்வாக்கெழமை காலையில பாக்கேன், பச்சை விழுந்து கெடக்கு! பாத்துட்டாம்லா? எங்கயோ கரையேறிட்டான் எம்புள்ள. உசுரோட இருக்கவனுக்கு எதுக்குய்யா பூசை? பசியோட வருவான்னு குழம்பு வச்சிக்கிட்டே இருக்கேன்."

செவ்வாய்க்கிழமை. திருமேனி எழுதியது எல்லாப் போன்களிலும் வந்து இறங்கிய நாள். பதில் வராமல் கிடந்த பழைய செய்திகளைப் பற்றி ஆப் மறுபடியும் வலையைக் கேட்டிருக்கும். வலை 'சரி' என்றிருக்கும், ஆப் அதற்குப் பச்சை டிக் போட்டிருக்கும்.

அவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கய்யா. பச்சை விழுந்தா அவன் பாத்துட்டாம்னுதான அர்த்தம்?"

"இல்லம்மா." திருமேனி போனைத் தாழ்த்தினார். "பக்கத்துல இருந்த ஒரு போன் அதை வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம்."

"ஆரு போனு? படகுக்காரங்க போனா? ஆருன்னு பாத்துச் சொல்லுங்கய்யா, அவனைப் போய்க் கேட்டுருவோம்."

பார்க்க முடியும். திருமேனி தேடிப் பார்த்தார். பெயர் வந்தது. தலையைத் தூக்காமல் இருந்தார்.

"ஆரு?"

"உங்க மருமக போன்மா."

பிரகாசியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடுக்களை அலமாரியில் மெட்டில்டாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இருந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும்.

"அதுக்கு அங்கிட்டு எங்க போச்சு?"

செய்தி எப்படித் தாவும், எந்த வழியாகப் போயிருக்கலாம் என்று திருமேனிக்கு ஒரு நாள் முழுக்கப் பேசத் தெரியும். கூட்டம் கூட்டிப் பேசியும் இருக்கிறார்.

"தெரியலம்மா" என்றார்.

அந்த அம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பச்சை டிக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.

"முன்னாடியும் இதைத்தானய்யா சொல்லிச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் திருமேனி எப்படியோ தாங்கியிருப்பார்.

அவள் எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். மெட்டில்டா வாசல் வரை கூட வந்தாள்.

"உபதேசியார்கிட்ட நான் போய்ச் சொல்லிக்கிடுதேன் டீச்சர்" என்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தெருமுனை திரும்பும்போது பின்னால் அந்த வீட்டிலிருந்து தாயின் அழுகை கேட்டது. பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை பறிகொடுக்கிறவளின் அழுகை. திருமேனி நின்றுவிட்டார். டீச்சர் அவருக்காக நின்று, பிறகு மெதுவாகக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

ஐஸ் கம்பெனி மாடிப்படி அடியில் திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கே அந்த வார்த்தையைத் திருப்பி வெச்சிர்றேன் டீச்சர். எல்லார்கிட்டயும் நானே பேசுறேன்."

"சரிண்ணே."

"ஆனா, எழுதுற பிள்ளைங்க மறுபடியும் ஓடிருவாங்களே. தெரியலைங்கிறதையும் சொல்லணும்னா திரும்ப நாற்பது வரிக்கே போகணுமா? அதை அவங்களுக்கு எப்படித்தான் சுலபமாக்குறது?"

டீச்சர் படியேறப் போனவர் நின்றார்.

"அந்தம்மாகிட்ட எத்தனை வரியிலண்ணே சொன்னீங்க?"