தண்டவாளத்துக்குக் கீழே கண்ணாமூச்சி

தெருநாடக வாத்தியார் செண்பகவல்லிக்குக் குலசேகரன் என்று ஒரு சீடர். வாத்தியாரைவிட வயதில் மூத்தவர். இருந்தால் என்ன, சொன்ன சொல் தட்டமாட்டார்.

தண்டவாளத்துக்கு அடியில் பாழாய்க் கிடந்த சுரங்கப்பாதையை விளையாட்டு இடமாக மாற்றியது அவர்தான். சுவரெல்லாம் மீனும் மயிலும். தரையில் பாண்டிக் கட்டங்கள். ஓர் ஊஞ்சல்கூட உண்டு. மூலைமுடுக்கெல்லாம் விளக்கு.

போன வருஷம் அவருடைய ஒரே மகள் கோதை, "கீழே இருட்டா இருக்குப்பா" என்று பயந்து, மேலே தண்டவாளத்தைத் தாண்டப்போய் ரயிலில் அடிபட்டுச் செத்தாள். இன்னொரு பிள்ளை அப்படிச் சாகக்கூடாது என்பதே அவருக்குப் பேச்சும் மூச்சும்.

ஆனால் இந்தச் சனங்களை என்ன சொல்ல! படியில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அப்படியே திரும்பிப் போய்த் தண்டவாளத்தில் இறங்கி ஓடுவார்கள்.

ஒரு மத்தியானம் குலசேகரன் வாத்தியாரிடம் வந்து அழுதே விட்டார்.

"காலையில ஒரு பொண்ணு மயிரிழையில தப்பிச்சுது வாத்தியாரே. இத்தனை செஞ்சும் ஏன் ஒருத்தரும் கீழே வரமாட்டேங்கறாங்க?"

"வாங்கண்ணே, போய் விளையாடிப் பார்ப்போம்."

இருவரும் இறங்கினார்கள். உள்ளே ஈ காக்கை இல்லை. காற்றும் இல்லை. ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கீங்களா?"

குலசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். "பாதி வரைக்கும்தான். மிச்சத்தை நம்ம குழுப் பசங்க வரைஞ்சாங்க."

"ஏன்?"

"பாதியைத் தாண்டினா யாரோ மூச்சு விடுறது கேக்குது. திரும்பிடுவேன்."

"நீங்க பாதியில திரும்புறதை மேல நிக்கிற சனம் பார்க்காமலா இருக்கும்?"

செண்பகவல்லி பாதிக்கு அப்பால் எரிந்த விளக்குகளை அணைத்தாள். "கண்ணாமூச்சி. கண்ணைப் பொத்தி எண்ணுங்க."

"ஐயையோ, இருட்டுலயா?"

"வெளிச்சத்துல எவனாவது ஒளிவானா?"

அவர் சுவரில் முகம் புதைத்து எண்ணினார். ஒளிந்தவர் 'ஜூட்' சொன்னால்தான் தேடப் போகலாம்.

"ஜூட்டா?" என்று கத்தினார்.

"ஜூட்!"

இருட்டுக்குள்ளிருந்து வந்தது. சிறுபிள்ளைக் குரல்.

கையை எடுத்துப் பார்த்தார். செண்பகவல்லி அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் ஒளியவே இல்லை.

"கேட்டுச்சா வாத்தியாரே?"

"கேட்டுச்சு."

தலைக்கு மேலே ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அது ஓய்ந்ததும் உள்ளே யாரோ வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்குவது கேட்டது. படியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்து, மூச்சுக் காட்டாமல் அவர் பின்னால் நின்றார்கள்.

"கோதை குரல் மாதிரியே இருக்கே! யாரு அது? சொல்லுங்க வாத்தியாரே."

"என்னைக் கேட்டா? கண்ணைப் பொத்தினது நீங்க. நீங்கதான் போய்த் தேடணும்."