நாலு மில்லிமீட்டர்

"நேத்து மூணு மில்லிமீட்டர் புள்ளிக்கு ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தீங்க. இன்னைக்கு நாலு மில்லிமீட்டர். பொறுங்கங்கிறீங்க. இது எந்த ஊர் நியாயம், டாக்டரம்மா?"

கேட்டவர் செண்பகராமன். முப்பது வருஷமாக அறுவைக் கத்தி பிடித்தவர். மார்பக எம்.ஆர்.ஐ. படம் பார்க்கக் கற்றுக்கொள்ள, தன் மகள் வயதுள்ள ஜெபகனியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

ஜெபகனி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

செண்பகராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஒரு புள்ளி. கடுகத்தனை. இதுக்குப் போய் ஊசியான்னு விட்டுட்டேன். இப்ப அவங்க இல்லை. அதுலேர்ந்து எந்தப் புள்ளியையும் சும்மா விட மனசு வரலை."

"அவங்களோட பழைய படத்தைப் பாத்தீங்களா?"

"பழைய படமா?"

"அதுக்கு முந்தி எடுத்தது."

"கேக்கணும்னே தோணலை."

ஜெபகனி திரையை அணைத்தார்.

"இந்த நாலு மில்லிமீட்டர் இசக்கியம்மாளோடது. வெளிய உக்காந்திருக்காங்க. பழைய படம் இருக்கான்னு போய்க் கேளுங்க."

இசக்கியம்மாள் நாற்காலி நுனியில் இருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அக்காவைப் பறிகொடுத்தவர்.

"பழைய படமா? இருக்கே ஐயா! மூணு வருஷமா மதுரையில எடுத்தது. இங்கதான் யாருமே கேக்கலையே."

ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து மூன்று உறைகளை உருவினார்.

"இந்தக் குப்பையை எடைக்குப் போடுன்னு வீட்டுக்காரர் கத்துவாரு. நான் பீரோ மேல ஒளிச்சு வச்சுட்டேன்."

ஜெபகனி படங்களை வரிசையாக மாட்டி விளக்கைப் போட்டார். செண்பகராமன் குனிந்தார்.

முதல் வருஷம், புள்ளி.

அடுத்த வருஷம், அதே இடம். அதே அளவு.

மூன்றாவதும் அப்படியே. இன்றைக்கும் அதே நாலு மில்லிமீட்டர்.

"நேத்து வந்தவங்களுக்கு?"

"போன வருஷப் படம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருந்துது. அதுல அந்த இடத்துல ஒண்ணுமே இல்லை, சார். இது புதுசா முளைச்சது."

செண்பகராமன் நிமிர்ந்தார். வெளியே போனார்.

"ஊசி வேண்டாம்மா. மூணு வருஷமா வளராம, மாறாம அப்படியே கிடக்கு. அடுத்த வருஷம் வழக்கம்போல வந்து எடுத்துக்கிட்டா போதும்."

இசக்கியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கலை ஐயா. உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

செண்பகராமன் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயையோ, எனக்கு எதுக்கு ஐயா கும்பிடு?"

"நான் கேக்காம விட்ட பழைய படத்தை நீங்க பத்திரமா வச்சிருந்தீங்களேம்மா."

அவர் கையை இறக்கவில்லை.