உப்புக் கரிச்ச அருவி

முன்னொரு காலத்துல, உங்க பாட்டனுக்குப் பாட்டனும் பொறக்காத காலத்துல, அலைமலை நாடுன்னு ஒண்ணு இருந்துச்சு. அங்கே கடல் ரெண்டு மலைக்கு நடுவுல புகுந்து உள்ளே போகும். அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற பாறை. அதுலேர்ந்து அருவிங்க நேரா கடல்லயே கொட்டும். காலையில படகேறிப் போய்ப் பார்த்துட்டு, மலை நிழல் தண்ணிய மூடுறதுக்குள்ள திரும்பிடணும். அது அங்கே இருந்த மாயக்காரி போட்ட சட்டம்.

கல்யாணமான புதுசுல செம்பாயியும் அவ புருஷன் மருதனும் ஊர்க்காரங்களோட அங்கே போனாங்க. வேடிக்கை பார்த்ததுல பொழுது போனதே தெரியல. நிழல் விழுந்துடுச்சு. மாயக்காரி படகை நிறுத்திட்டா. ஒருத்தரை விட்டுட்டுப் போனா மத்தவங்க பிழைக்கலாம், இல்லேன்னா மொத்தமா முழுங்கிடுவேன்னா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தாங்க. மருதன் எழுந்து இறங்கிட்டான். இறங்கினவன் அருவியோட அருவியாயிட்டான்.

பாவி, அதோட விட்டாளா? போற வழியைப் பனியால மூடிட்டா. செம்பாயி வருஷா வருஷம் புளிச்சோறு கட்டினா, போனா, பனியைப் பார்த்தா, அழுதுட்டுத் திரும்பினா. தலை நரைச்சுது. அப்பவும் புளிச்சோறு கட்டினா, போனா. அன்னிக்குப் பனி இல்லை.

உள்ளே மூணு அருவி கொட்டுது.

"ரெண்டு என் மாயம், ஒண்ணு உன் ஆளு. நிழல் விழுறதுக்குள்ள ஒண்ணைத் தொடு. தப்பாத் தொட்டா நீயும் தண்ணிதான்" அப்படின்னா மாயக்காரி.

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தா செம்பாயி. மூணும் ஒரே மாதிரி இரைஞ்சுது. கையில இருந்த தூக்குவாளியைப் பார்த்தா. அந்த நாட்டுல யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. மருதன் அதுல ரொம்பக் கறார். ஒண்ணும் இல்லேன்னா ரெண்டு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்புவான்.

ஒரு பிடி சோத்தோட வாளியை முதல் அருவிக்கு நீட்டினா. சோத்தை எடுத்துக்கிட்டு வாளியை விட்டெறிஞ்சுது. ரெண்டாவது அருவிக்கு நீட்டினா. பளபளன்னு கழுவி, வெறும் வாளியைத் தந்துது. மூணாவது அருவிக்கு நீட்டினா. திரும்பி வந்த வாளியோட அடியில கொஞ்சூண்டு தண்ணி. தொட்டு நாக்குல வெச்சா, உப்புக் கரிச்சுது. கடல் தண்ணியோன்னு பார்த்தா வெதுவெதுன்னு இருக்கு. அருவியா நிக்கிறவன்கிட்ட கண்ணீரை விட்டா வேற என்ன இருக்கும், சொல்லுங்க?

பாய்ஞ்சு போய்த் தொட்டா. மத்த ரெண்டு அருவியும் மாயக்காரியும் இருந்த இடம் தெரியல. சொட்டச் சொட்ட நனைஞ்சு மருதன் நின்னான். போன அன்னிக்கு இருந்த அதே வயசு. அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நல்லா இருப்பீங்க ஆத்தா. புதுசாக் கட்டினவ கரையில அழுதுக்கிட்டு நிப்பா. என்னை வெரசாக் கொண்டுபோய் விட்டுடுங்க."

செம்பாயி தான் யாருன்னு சொல்லாமலே துடுப்புப் போட்டா. அவன் வழியெல்லாம் பொண்டாட்டி புராணம்தான். கரை வந்துச்சு. ஈ காக்கா இல்லை.

"எங்கே அவ? காத்திருக்கலையா?"

"காத்திருந்தாய்யா. தலை நரைக்கிற வரைக்கும் காத்திருந்தா."

அவன் திரும்பி அவ கண்ணைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் அவ மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு அழுதான், அழுதான், அப்படி அழுதான்.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒத்துமையா வாழ்ந்தாங்க. மருதன் ஒரு நாள்கூட முகம் சுளிக்கல. அவங்களுக்குக் கிடைச்சது கொஞ்ச காலம்தான். செம்பாயியைப் பாடையில வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போறப்ப வழிப்போக்கன் ஒருத்தன் நின்னு, "பெத்தவளா தம்பி?"ன்னு கேட்டான்.

"என் சம்சாரம்" அப்படின்னான் மருதன்.