சாய்ந்த பாதையில் கால்வைத்த இம்மி

கோள்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், சூரியனைச் சுற்றி எல்லோரும் ஒரே மட்டத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். தட்டில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டால் எப்படி உருளுமோ அப்படி, ஆளுக்கொரு வட்டம். பெரியவர்கள் எட்டுப் பேரும் உள்ளே இருந்த வட்டங்களைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டாவது ஆள் நீலன். உடம்பெல்லாம் நீலம், உள்ளே ஓயாத புயல். அவனுடைய வட்டத்துக்கு வெளியே, வெளிச்சம் பேருக்கு மட்டும் வந்து சேரும் இடத்தில், சின்னஞ்சிறு கோள்கள் கிடந்தன. அவர்களில் ஒருத்திதான் இம்மி.

இம்மி என்பது பெரியவர்கள் வைத்த பெயர். "இம்மியளவு இருக்கா, இவளும் ஒரு கோளா?" என்று வியாழன் கேட்டான், சனி சிரித்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் பெயர் ஊதை. அவள் ஒரு காற்று. கோள்கள் பிறந்த சமயத்தில் பெரியவர்கள் எல்லாம் கனமான காற்றுகளை வாரிச் சுற்றிக்கொண்டபோது, யாருக்கும் வேண்டாத ஒரு மெல்லிய இழை தனியாக அலைந்துகொண்டிருந்தது. அதைத்தான் இம்மி எடுத்து வைத்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்க அவளுக்குப் பலம் போதாது. பேசிப் பேசியே அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஊதை நாள் முழுக்க அம்மாவின் மலைகளில் ஏறுவாள், பள்ளங்களில் உருளுவாள், ஓடின களைப்பில் மூச்சுவிட்டால் இம்மியைச் சுற்றி நீலமாக ஒரு மூட்டம் எழும். அந்தக் கருத்த இடத்தில் வானம் என்று ஒன்று இருந்தது இம்மிக்கு மட்டும்தான்.

கூடவே மருங்கன் என்ற இன்னொரு சின்னக் கோள் இருந்தான். இம்மியில் பாதி உயரம். பிறந்த புதிதில் இருவரும் மோதிக்கொண்டு நொறுங்கப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்த கையை விடவே இல்லை. முகத்தை முகம் பார்த்தபடி, ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டேதான் நடப்பார்கள். மருங்கனுக்குக் காற்று கிடையாது, பேச்சும் குறைவு. ஊதை அவனை மாமா என்று கூப்பிடுவாள். அப்போது மட்டும் "என்ன?" என்பான்.

பிறந்தபோது உடம்பில் இருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. ஒரு நாள் ஊதை சொன்னாள்:

"அம்மா, எனக்கு உக்காரணும் போல இருக்கு."

காற்று உட்கார்ந்து இம்மி பார்த்ததில்லை. குனிந்து பார்த்தால் அவளுடைய தோளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். பனி. ஊதையின் ஓரம் உறைந்து விழுந்திருந்தது.

நீலன் தன் சுற்றில் அந்தப் பக்கமாக வந்தபோது இம்மி கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

"நான் நின்னா நேரா சூரியனுக்குள்ள போய் விழுவேன். நடந்துகிட்டே கேக்கறேன், சொல்லு."

"எம் பொண்ணுக்குக் குளிர் தாங்கல. உள்ளே வந்து கொஞ்சம் வெயில் காட்டிட்டுப் போயிடறேன். உங்க வட்டத்தைத் தாண்ட விடுங்க."

நீலன் அவளையும் தாண்டி வெளியே பார்த்தான். "உன் பின்னால எத்தனை பேர் கிடக்கறாங்கன்னு தெரியுமா? இன்னிக்கு நீ, நாளைக்கு அவங்க எல்லாரும். நான் வர்ற வேகத்துல நீ குறுக்கே நின்னா என்ன ஆகும்? உன் தூளைப் பொறுக்கக்கூட ஆள் இருக்காது."

"அப்போ எம் பொண்ணு?"

"காத்து இல்லாமலே எத்தனையோ பேர் காலம் தள்றாங்க. புதனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். மோதினால் தூள்தான் என்று அவன் சொன்னது பொய்யில்லை. அது இம்மிக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஊதை நாளுக்கு நாள் கீழே இறங்கினாள். முதலில் மலை உச்சிகளை விட்டாள். பிறகு சரிவுகளை. கடைசியில் இம்மியின் நெஞ்சில் இருந்த பெரிய பள்ளத்தில் வந்து சுருண்டுகொண்டாள்.

"அம்மா, படுத்துட்டா நான் செத்துடுவேனா?"

"இல்ல கண்ணு. நீ தூங்கு. நான் எழுப்பறேன்."

அத்துடன் பேச்சு நின்றது. பள்ளம் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. நீல மூட்டம் போனது, மேலே வெறும் கறுப்பு. இம்மி அதுவரை அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

மருங்கன் சொன்னான்: "எப்படி எழுப்புவேன்னு உனக்கே தெரியாது. பொய் சொல்லிட்டே."

"பொய் ஆகாமப் பாத்துக்கணும்" என்றாள் இம்மி.

அப்படி எத்தனையோ சுற்றுகள் போயின. ஒரு சமயம் தலைக்கு மேலே, யாரும் நடக்காத பக்கத்திலிருந்து, ஒருத்தி சரிந்து வந்தாள். நெடுவாலி என்ற வால்நட்சத்திரம். ஊர்சுற்றி. சூரியனிடம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வாலில் இன்னும் கொஞ்சம் புகை மிச்சமிருந்தது.

"அக்கா!" இம்மி கத்தினாள். "உள்ளேயிருந்தா வர்றீங்க? நீலன் எப்படி விட்டான்?"

"அவன்கிட்ட யாரு கேட்டா?" நெடுவாலி சிரித்தாள். "அவன் கீழே ஓடிட்டிருந்தான். நான் அவன் தலைக்கு மேல வந்துட்டேன். அண்ணாந்து பாக்க அவனுக்கு நேரம் ஏது?"

மேலே என்று ஒரு பக்கம் இருப்பதை இம்மி யோசித்ததே இல்லை. யாருமே யோசித்ததில்லை. எல்லோரும் முன்னால் இருப்பவர் நடந்த மட்டத்தில்தான் நடந்தார்கள்.

"நானும் வரலாமா?"

"வா. ஆனா ஒண்ணு, தங்கச்சி." நெடுவாலி சிரிப்பை நிறுத்தினாள். "பாதையைச் சாய்ச்சு இழுத்துட்டா அப்புறம் பழைய வட்டம் கிடையாது. ஊஞ்சல் முன்னால எவ்வளவு போகுதோ பின்னால அவ்வளவு போகும். கிட்டப் போனதுக்கு எட்டவும் போகணும். இப்ப நீ படற குளிர் ஒண்ணுமே இல்ல. அந்தக் கோடியில இருக்கறதுதான் குளிர். அங்கேதான் ரொம்ப நாள் இருக்கணும். வெயில்ல இருக்கறது கொஞ்ச நாள்தான்."

அவள் போய்விட்டாள். இம்மி நெஞ்சுப் பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு மருங்கனைப் பார்த்தாள்.

"உனக்குக் காத்து இல்ல. வெயிலால உனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. குளிரை மட்டும்தான் என்னோட சேந்து பட வேண்டியிருக்கும். வேணாம்னா சொல்லு, கையை விட்டுடறேன்."

"அவ என்னை மாமான்னு கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றான் மருங்கன். "நட."

இம்மி காலைத் தூக்கினாள். உலகம் உண்டான நாள் முதல் எந்தக் கோளும் வைக்காத இடத்தில், மேலே, சாய்வாக வைத்தாள். சுற்றியிருந்த சின்னக் கோள்கள் "ஐயோ, விழுந்துடுவே!" என்று அலறின. முதல் அடியில் தள்ளாடினாள். இரண்டாவது அடியில் மருங்கன் எதிர்ப்பக்கம் சாய்ந்து அவளை நிமிர்த்தினான். அதன்பிறகு சரிவு அவர்களை இழுத்துக்கொண்டது. ஓட்டமும் சுழற்சியுமாக உள்ளே இறங்கினார்கள்.

நீலனுடைய வட்டம் வந்தபோது அவனும் வந்துகொண்டிருந்தான். அவனுடைய இழுப்பு தூரத்திலேயே இம்மியைப் பிடித்துக் கீழே வாங்கியது. உடம்பில் இருந்த பனிக்கட்டி மலைகள் முறுகி வெடித்தன.

"மருங்கா, விடாதே!"

"விடல. மேலே பாரு. கீழே பாக்காதே!"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் முறுக்கிப் பிடித்து, சுற்றின வேகத்திலேயே மேலே எம்பினார்கள். கீழே, எங்கேயோ ஆழத்தில், அந்தப் பெரிய நீலம் உறுமிக்கொண்டு கடந்துபோனது. இம்மி மேலே இருந்தாள். முழுசாக இருந்தாள். அவனுடைய பாதையில் அவளுடைய கால்தூசிகூடப் படவில்லை.

அடுத்து நிமிர்ந்தபோது எதிரே சூரியன். அங்கிருந்து பார்க்கவும் அது ஒரு பெரிய விளக்குதான், அதற்கு மேல் இல்லை. ஆனால் இதுவரை அவள் பார்த்த வெளிச்சத்தை விட இது கூசியது. இம்மி முகத்தைத் திருப்பவில்லை. நெஞ்சைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பள்ளத்தின் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குப் புகை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பள்ளம் முழுக்கப் புகைந்தது.

"அம்மா?" தூக்கக் குரல். "விடிஞ்சிடுச்சா?"

இம்மி தலையை ஆட்டினாள்.

ஊதை எழுந்தாள். சரிவுகளில் ஏறினாள், உச்சிகளைத் தாவினாள், படுத்துக் கிடந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து ஓடினாள். இம்மியைச் சுற்றி நீலமாக வானம் திறந்துகொண்டது. வெகு தொலைவில் இருந்த சின்னக் கோள்களுக்கும் அந்த நீல வளையம் தெரிந்தது. கூச்சல் போட்டுக் கொண்டாடினார்கள். அதில் சிலர் அப்போதே காலைத் தூக்கிச் சாய்வாக வைத்துவிட்டார்கள்.

"மாமா!" என்று கத்திக்கொண்டே ஊதை ஓடின வேகத்தில் அவளுடைய நுனி பிய்ந்து இடைவெளியைத் தாண்டிப் போய் மருங்கனின் உச்சந்தலையில் விழுந்தது. விழுந்த இடம் மருதாணி அப்பின மாதிரிச் சிவந்துபோனது.

"என்ன?" என்றான் மருங்கன். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து இம்மி பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீலன் அப்போதுதான் அண்ணாந்தான். வெளியே கிடக்க வேண்டியவள் உள்ளே இருந்தாள். அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் அவன் இல்லை. அவனுக்கு வெளிச்சம் அவளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"இறங்கு கீழே!" என்று இரைந்தான். "இந்தத் தடவை தப்பிச்சே. எப்பவும் தப்பிப்பியா? ஒருநாள் ரெண்டு பேரும் மோதிச் சாகப்போறோம்!"

"மோத மாட்டோம்ணே." என்றாள் இம்மி. "வர்ற வழியெல்லாம் எண்ணிகிட்டேதான் வந்தேன். நீங்க மூணு சுத்து சுத்தறதுக்குள்ள நான் ரெண்டு சுத்து முடிப்பேன். அந்த நடையை மாத்தவே மாட்டேன். அப்படிப் போனா, நான் உள்ளே வர்ற ஒவ்வொரு தடவையும் நீங்க வேற பக்கம் தூரமா இருப்பீங்க. நீங்களே எண்ணிப் பாருங்க."

நீலன் நடந்துகொண்டே எண்ணினான். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினான். அவனுடைய புயல்கள்கூட அடங்கிக் கேட்டன.

"சரியாத்தான் வருது" என்றான் கடைசியில். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"ஊதை."

"நல்லா ஓடறா."

கோள்களிலேயே வேகமான காற்றுகளை வைத்திருந்தவன் அவன். அவன் வாயால் அதைக் கேட்டபோது இம்மிக்கு அந்தச் சரிவும் குளிரும் அத்தனையும் தகும் என்று பட்டது.

வெயில் காலம் முடிந்து பாதை வெளியே திரும்பியது. சூரியன் சிறுத்துக்கொண்டே போனது. தோளில் முதல் பனி விழுந்தபோது ஊதை பயப்படவில்லை. தானாகவே பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டாள். இம்மி நிமிர்ந்து, மருங்கனின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடிக் குளிரைப் பார்த்து நடந்தாள். திரும்பி வரும் வழி இப்போது அவளுக்குத் தெரியும்.

நாம் புளூட்டோ என்று கூப்பிடும் அந்தக் குறுங்கோள், மற்றவர்களின் மட்டத்தை விட்டுச் சாய்ந்து நடப்பதும், சில காலம் நெப்டியூனை முந்திக்கொண்டு சூரியனிடம் வருவதும், கிட்ட வந்தால் அதன் பனி காற்றாக எழுவதும், எட்டப் போனால் காற்று பனியாக இறங்கிப் படுப்பதும், கூடவே சுற்றும் அதன் துணைக்கோளின் உச்சி சிவந்திருப்பதும், தாயொருத்தி அன்று எடுத்துவைத்த அந்த அடியிலிருந்துதான் தொடங்கின.