விழாத இரண்டாவது கியர்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருந்தது. மேலே மலைக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மதியச் சோறு அதில்தான் போகும். அந்த வண்டியை வைத்துத்தான் திருமேனி ஒருநாள் தன் குருவிடமே மல்லுக்கு நின்றார்.

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். நாற்பது வயதுப் பெண்மணி; எல்லாருக்கும் அம்மா. சீடர் திருமேனிக்குத்தான் தலை நரைத்திருந்தது. லாரி ஓட்டிச் சலித்து இங்கே வந்து சேர்ந்தவர்.

அவர் கோபத்துக்குக் காரணம் சின்னமாயன். முன்பு இந்த வண்டியை ஓட்டியவன். குடித்துவிட்டு, ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாக மிதித்து, இரண்டாவது கியரை அடித்து இறக்கினான். உள்ளே கியரின் பல் உடைந்து வண்டி நடுமலையில் நின்றது. அவன் இறங்கி ஓடியவன்தான், ஆளைக் காணோம். திருமேனி சோற்று அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். போய்ச் சேர்வதற்குள் சோறு ஊசிவிட்டது. தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தை அவரால் மறக்க முடியவில்லை. யாரால்தான் முடியும்?

அதற்குப் பிறகு வண்டி அவர் கைக்கு வந்தது. இரண்டாவது கியர் விழவே இல்லை. ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவி, வண்டி முக்க முக்க, ஒரு வேளைகூடத் தவறாமல் சோறு கொண்டுபோனார்.

இப்போது சின்னமாயன் திரும்பி வந்திருக்கிறான். குடியை விட்டுவிட்டானாம். சாவியை அவனிடம் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னபோது திருமேனி வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பழைய சாமான் கடையில், அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி வாங்கி வந்த கியர்பாக்ஸை ஜாக்கியில் தூக்கி, நெஞ்சாலும் முட்டுக்கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஆயில்.

"உடைச்சவனுக்குச் சாவி, மாட்டுறவனுக்கு மண்ணா? இது என்னம்மா நியாயம்?"

"வேலையை முடிங்க. மேல போயிட்டு வருவோம்."

போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, அண்டாக்களை ஏற்றி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளம்பினார். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. பிள்ளைகளின் வயிற்றில் அடித்தவனை மன்னிக்க நீங்கள் யார் என்றுகூடக் கேட்டுவிட்டார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஏற்றம் வந்தது. ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவினார். வண்டி நடுங்கி, திணறி, நின்றே போனது.

"பாத்தீங்களா? இதுவும் சொத்தை. கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்."

"ரெண்டாவது ஏன் போடல?"

"அது விழாதும்மா."

"எது விழாது?"

இரண்டாவது விழாத பழைய கியர்பாக்ஸ் ஷெட்டு மூலையில் கிடந்தது. காலையில் திருமேனியே கழற்றிப் போட்டது.

வண்டியைக் கிளப்பினார். ஒன்று போட்டு நகர்த்தி, தயங்கித் தயங்கி இரண்டுக்குத் தள்ளினார். சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டி இத்தனை லேசாக அந்த ஏற்றத்தில் ஏறி அவர் பார்த்ததில்லை.

குடியிருப்பு கண்ணில் படும்வரை இரண்டாவது கியரிலேயே ஏறினார். ஆனால் கோபம் அப்படியெல்லாம் அடங்குமா?

"சரிம்மா. இந்த கியர்பாக்ஸை மாத்தினது நான். என் கையால மாத்தினேன். அவன் மாறிட்டான்னு யாரு பாத்தா? மறுபடியும் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

வண்டிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் தட்டுகளோடு ஓடி வந்தார்கள். அம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

"இன்னும் யாரும் பாக்கல. நாளைக்கு அவன் ஓட்டட்டும். நான் உட்கார்ந்து வந்த இடத்துல நீங்க உட்கார்ந்து பாருங்க."