மிளகு நாய் குளிர்ந்த கதை

முன்னொரு காலத்துல, இல்லை இல்லை, அதுக்கும் கொஞ்சம் முன்னால, மாரிவேள்னு ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டுல ஒரு பெரிய ஏரி. அந்த ஏரியில பரிசல் ஓட்டுறவ சிலம்பாயி. துடுப்புப் போடுறது அவ, பேச்சுக் கொடுக்குறது அவ புருஷன் கொம்பையன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டான். வினையே அதுலதான் வந்துச்சு.

ஒரு நாள் நீளத் தாடிக்கார மந்திரவாதி ஒருத்தன் பரிசல்ல ஏறினான். கையில கறுப்பா, உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு நாய். பேரு மிளகு. கரைக்குக் கிட்ட வரும்போது ஒரு சொட்டுத் தண்ணி அது மேல தெறிச்சுச்சு. அவ்வளவுதான், வீல்னு கத்திக்கிட்டுத் தாடிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு.

கொம்பையன் சும்மா இருந்தானா? "ஐயா, உங்க தாடியில பேனு ரொம்பப் பெருசா இருக்கே!"ன்னான்.

மந்திரவாதிக்கு மூக்கு மேல கோபம். "கல்லாப் போடா! என் மிளகு இந்தத் தண்ணியில குளிர்ந்து போனாத்தான் உனக்கு விடுதலை. அதுக்குள்ள தண்ணி உன் தலையை மூடிச்சோ, காலத்துக்கும் நீ கல்லுதான்!"

டப்புனு ஒரு புகை. மந்திரவாதியைக் காணோம். பரிசல்ல இருந்த கொம்பையன் கரையோரம் இடுப்பளவு தண்ணியில கல்லா நிக்கிறான். பரிசல்ல மிளகு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

"குளிரணும், அவ்வளவுதானே?"ன்னு சிலம்பாயி நாயைத் தூக்கி ஏரியில ஒரு முக்கு முக்கினா. வெடவெடன்னு நடுங்கிச்சு. குளிர்ந்துச்சா? குளிர்ந்துச்சு. கல்லு அசைஞ்சுதா? ம்ஹூம்.

சேதி கேட்டு ராஜாவே வந்துட்டார். "பகல்ல முக்கினா எப்படிம்மா குளிரும்? விடியக்காலையில முக்கு"ன்னார். முக்கினாங்க. பல்லு தந்தியடிச்சுச்சு. குளிர்ந்துச்சா? குளிர்ந்துச்சு. கல்லு அசைஞ்சுதா? ம்ஹூம்.

அரண்மனை வைத்தியர் வந்து, உடம்பெல்லாம் சந்தனம் பூசி, ஈரத்துணி சுத்தி முக்கச் சொன்னார். பாவம், தும்மித் தும்மியே அது களைச்சுப் போச்சு. குளிர்ந்துச்சா? குளிர்ந்துச்சு. கல்லு அசைஞ்சுதா? அட, ம்ஹூம்னு சொல்றேன்ல!

"ஒருவேளை இது வேற நாயோ?"ன்னார் ராஜா. "வேற தண்ணியோ?"ன்னார் வைத்தியர். "வேற கல்லா இருக்குமோ?"ன்னார் மந்திரி. இவங்க பேச்சைக் கேட்டா எனக்கே தலை சுத்துது. நாயோட குழப்பத்தைக் கேக்கவே வேணாம். முக்குறாங்க, துடைக்கிறாங்க, "குளிருதா?"ங்கிறாங்க, ஆமான்னு நடுங்கினா மறுபடி முக்குறாங்க!

இதுக்குள்ள மலையில மழை. ஏரி ஏறி ஏறிக் கல்லோட தாடையைத் தொட்டுருச்சு. வந்தவங்க எல்லாம் உச்சுக்கொட்டிட்டுப் போயிட்டாங்க. சிலம்பாயி கரையில உக்காந்து ஓன்னு அழுதா. "எல்லாம் உன்னாலதான், சனியனே!"ன்னு நாயையும் திட்டினா.

கடிச்சிருந்தாக்கூட நியாயம். மிளகு என்ன பண்ணிச்சு தெரியுமா? நடுங்கிக்கிட்டே அவ மடியில ஏறி, கன்னத்துக் கண்ணீரை நக்கிச்சு.

"இவ்வளவு பண்ணியும் எங்கிட்டயே வர்றியே! உன்னைப் பார்த்தா மனசு குளிருதுடா..."

சொன்னவ சட்டுனு நிமிர்ந்தா. "நான் என்ன சொன்னேன்? குளிருதுன்னா சொன்னேன்? எனக்கு நடுங்கலையே... அட படுபாவி! நடுங்குறதை அந்தத் தாடிக்காரன் சொல்லலை. சந்தோஷப்படுறதைச் சொல்லியிருக்கான்!"

புரிஞ்சு என்ன பிரயோஜனம்? முக்குன்னா முக்கிடலாம். சந்தோஷப்படுன்னு யாருக்கு உத்தரவு போட முடியும்? நாயைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஏரியில இறங்கினா. உதட்டுல சிரிப்பு, கண்ணு என்னமோ கல்லு மேல. கல்லைப் பார்க்குறப்பல்லாம் கை தன்னால இறுகுது, நாய் வீல்னு கத்துது.

கடைசியில நாயைக் கரையில விட்டா. கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டா. கட்டினவன் தாடை வரைக்கும் தண்ணியில நிக்கிறான், அவனைப் பார்க்காம நிக்கணும்னா எவளுக்கு மனசு வரும்? ஆனாலும் திரும்பலை. முங்கினா, எழுந்தா, மல்லாந்து மிதந்தா, வாயில தண்ணியை மொண்டு மேல பீச்சியடிச்சா.

மிளகுக்கு ஒண்ணும் விளங்கலை. 'யாரும் பிடிச்சு முக்காமலே இவ தானா முங்குறாளே!'ன்னு தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துச்சு.

அப்பப் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு. சிலம்பாயிக்கு ஒரே பயம். இந்த மழை போதுமே, கல்லு முங்கிடுமே! திரும்பிப் பார்க்கலாமா? ம்ஹூம், கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தரம் முங்கி எழுந்தா.

மழைத்துளி விழுந்த இடமெல்லாம் ஏரியில குமிழி. மிளகு ஒரு குமிழியைப் பார்த்துச்சு. லபக்! காணோம். எங்க போச்சு? அந்தா இன்னொண்ணு. லபக்! அதுவும் காணோம். ஒரு கால் உள்ள வெச்சுச்சு, ரெண்டு கால் வெச்சுச்சு, வயிறு நனைஞ்சுச்சு. கீழ தரை போனது அதுக்கே தெரியலை. நாலு காலும் தன்னால துழாவ, குமிழியைத் துரத்திக்கிட்டு நீந்துது! ஒரு குமிழி மூக்கு மேலேயே வெடிச்சுச்சு. வாலு சுழலுது பாருங்க, அப்படிச் சுழலுது.

"பிடி மிளகு! அங்க பாரு, விடாதே!" சிலம்பாயி கை தட்டிச் சிரிச்சா. கல்லை நெசமாவே மறந்துட்டா.

"ஏ புள்ள!"

பின்னால இருந்து ஒரு கொளகொளத்த சத்தம். மூக்கு வரைக்கும் தண்ணி, நுனிக்கால்ல எக்கி நிக்கிறான் கொம்பையன். "ஒருத்தன் இங்க முங்கிச் சாகப் போறேன், நீ நாயோட கும்மாளம் போடுறியா?"

பாய்ஞ்சு போய் அவனைக் கட்டிப்பிடிச்சா, ரெண்டு அடி போட்டா, மறுபடி கட்டிப்பிடிச்சா. அழுகையா சிரிப்பான்னு அவளுக்கே தெரியலை.

ராஜா குடையோட ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டு, புதுப் பரிசல் ஒண்ணு பரிசுன்னார். "குளிருதுன்னா குளிரலைன்னு அர்த்தமா?"ன்னு வைத்தியர் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தார்.

கொம்பையனுக்குப் பல்லு கிடுகிடுன்னுச்சு. "வீ...வீட்டுக்குப் போவோம்டி. குளிருது."

"இருய்யா,"ன்னா சிலம்பாயி. "மிளகு இன்னும் கரையேற மாட்டேங்கிறான்."

அவங்க மூணு பேரும் அங்க நனைஞ்சபடி நல்லா இருந்தாங்க. நாம இங்க காய்ஞ்சபடி நல்லா இருப்போம்.