அட்ஜஸ்ட் கற்றுக்கொண்ட நரி

பஸ் போகும் மலைப்பாதையை ஒட்டி ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டில் ஒரு மைனா. பஸ் கூரையில் ஏறி ஊர் சுற்றாவிட்டால் அதற்குச் சாப்பாடே இறங்காது!

ஒருநாள் அது ஒரு புதுச் சொல்லோடு வந்து இறங்கியது.

"அட்ஜஸ்ட்! இங்கிலீஷ் வார்த்தை! மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு நாலாவது ஆள் வருகிறார். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்கிறார். உடனே மூன்று பேரும் நகர்ந்து இடம் விடுகிறார்கள்!"

"அட, சண்டையே இல்லையா?" என்று முயல் அதிசயப்பட்டது.

"இல்லையே! பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து டீச்சர் சொன்னதையும் கேட்டேன். அந்தச் சொல்லின் வேர் லத்தீன் என்கிற பழைய மொழியில் இருக்கிறதாம். 'பக்கத்தில்' என்று அதற்கு அர்த்தமாம்."

வேர், அர்த்தமெல்லாம் நரியின் காதில் ஏறவில்லை. கேட்டால் இடம் கிடைக்கும் என்பது மட்டும் நன்றாக ஏறியது. நரியாயிற்றே!

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அப்பப்பா, என்ன மழை! முயல் குடியிருந்த புதருக்குள் வெள்ளம் புகுந்தது. பிறந்து மூன்றே நாளான நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, அது ஒரு பாறைக் குகைக்கு ஓடியது. மைனாவும் கூடவே பறந்தது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் யாரும் யாரையும் கடிக்கக்கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம்.

சற்று நேரத்தில் நரியும் வந்தது.

"முயலக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"

முயல் நகர்ந்தது.

"காலை நீட்டணும். இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட்!"

முயல் மறுபடி நகர்ந்தது.

"வாலுக்கு இடம் வேண்டாமா? அட்ஜஸ்ட், அட்ஜஸ்ட்!"

நகர்ந்து நகர்ந்து முயலும் குட்டிகளும் குகை வாசலுக்கே வந்துவிட்டன. சாரல் அடித்தது. கடைக்குட்டி கத்தக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டது.

"நரியண்ணா, குளிரில் என் பிள்ளை செத்துப்போகும். நீங்களும் கொஞ்சம் நகருங்களேன்," என்று முயல் கெஞ்சியது.

"அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் மறுபேச்சே கூடாது!" என்று நரி கண்ணை மூடிக்கொண்டது.

"அப்படியா தம்பி? ரொம்ப நல்லது!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. சொட்டச் சொட்ட நனைந்த முள்ளம்பன்றி! "எனக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

நரியால் மறுக்க முடியவில்லை. முள்ளம்பன்றி குட்டிகளைப் பதமாகத் தாண்டிப் போய், நரியை ஒட்டி உட்கார்ந்து, உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதறியது.

"ஐயோ! அம்மா!"

ஒரே பாய்ச்சலில் நரி வெளியே மழையில் நின்றது. முயல் குட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"நன்றாக வேண்டும்!" என்று மைனா சிரித்தது.

முயலுக்கும் கோபம்தான். ஆனாலும் தெப்பமாக நனைந்து நின்ற நரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உள்ளே வாங்க நரியண்ணா. எல்லோரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்று சொல்லி, முயலே முதலில் நகர்ந்தது. முள்ளம்பன்றியும் முள்ளை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியது.

நரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. கடைக்குட்டி இன்னும் நடுங்குவதைப் பார்த்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே மழைக்கு முதுகைக் காட்டி, சாரலை மறைத்துப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, பால் கேட்டுக் கடைக்குட்டி 'கீச்'சென்று கத்தியது. முயலுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நீதி: பிறரை நகரச் சொல்லும் முன் நாம் நகர்ந்து இடம் விட வேண்டும்.